விமானம் தாமதமானால் காசு கிடைக்குமா?

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் மாதத்துக்கு ஒருமுறையாவது அந்தச் செய்தி வந்துவிடும். விமானம் 2 மணி நேரம் தாமதமானால் 10,000 ரூபாய் இழப்பீடு, கம்பெனிக்காரர்கள் மறைக்கிறார்கள், எல்லாருக்கும் அனுப்புங்கள். சில மாதம் 10,000 என்பது 20,000 ஆகியிருக்கும். ஒருமுறை 600 யூரோ என்று வந்தது. பாப்பாரப்பட்டியிலிருந்து பெங்களூரு போய் டெல்லிக்கு ஏறுகிறவருக்கு எவர் யூரோவில் எண்ணிக் கொடுக்கப் போகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கை கூப்பிய படம் போட்டுவிட்டுப் போனார்கள்.

இதில் வேடிக்கை, அந்த எண்களில் ஒன்றுகூட கட்டுக்கதை இல்லை. 2 மணி நேரம், 10,000, 20,000, 600 யூரோ நான்குமே ஏதோ ஒரு விதியில் எழுதியிருக்கின்றன. ஆனால் நான்கும் நான்கு வேறு விஷயங்களுக்கு. எந்த எண் எதற்கு என்று பிரித்துவிட்டால் குழப்பம் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு முன்னால், ‘தாமதம்’ என்ற சொல்லை விமானக் கம்பெனி எப்படி எண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். நாம் எண்ணுகிற மாதிரி அது எண்ணுவதில்லை.

டைம் கீப்பர் நோட்டில் என்ன ஏறும்?

தருமபுரி பேருந்து நிலையத்தில் டைம் கீப்பரைப் பார்த்திருப்பீர்கள். சேலம் பஸ் எத்தனை மணிக்கு நிலையத்தை விட்டு நகர்ந்தது என்பதுதான் அவர் நோட்டில் ஏறும். அதே பஸ் தொப்பூர் கணவாயில் கவிழ்ந்த லாரிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் நின்றாலும், நோட்டைப் பொறுத்தவரை அது நேரத்துக்குக் கிளம்பிய பஸ்தான்.

விமானத்துக்கும் அப்படித்தான். மேட்டில் லாரியை நிறுத்தினால் சக்கரத்துக்குக் கல் கொடுப்பார்கள் அல்லவா? நிறுத்தியிருக்கும் விமானத்தின் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்து விமானம் நகர ஆரம்பிக்கிற நொடிதான் கணக்கில் ‘புறப்பட்ட நேரம்’. தரையை விட்டு மேலே எழும் நேரம் இல்லை. போய்ச் சேர்ந்த ஊரில் விமானம் நின்று மறுபடி கட்டை போடுகிற நேரம்தான் ‘வந்த நேரம்’. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள மொத்த நேரத்துக்கு பிளாக் டைம் என்று பெயர். இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டிலிருந்து இழப்பீடு வரை பலவற்றை இதை வைத்துத்தான் நிர்ணயிக்கிறார்கள்.

சொன்ன நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் கட்டை எடுத்துவிட்டால் விமானம் ‘நேரத்துக்குக் கிளம்பியது’ என்றே பதிவாகும். என் மச்சான் ஒருமுறை பெங்களூரில் கதவு சாத்திய விமானத்துக்குள் ஓடுபாதை வரிசையில் 40 நிமிடம் உட்கார்ந்திருந்தார். இன்றுவரை அது தாமதமான விமானம் என்றுதான் சொல்வார். கணக்குப்படி அது நேரம் தவறாத விமானம்.

விமானப் போக்குவரத்தை மேற்பார்வை செய்யும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ மாதாமாதம் நேரந்தவறாமை சதவீதம் வெளியிடுகிறது. பெங்களூரு, டெல்லி, மும்பை, ஹைதராபாத் போன்ற பெரிய நிலையங்களில் எடுக்கிற கணக்கு அது. அதைப் பார்த்துவிட்டு சேலம் விமானம் எப்படி ஓடும் என்று முடிவுகட்ட முடியாது.

இன்னொரு சூட்சுமமும் உண்டு. பெங்களூரிலிருந்து டெல்லிக்குப் பறக்கிற நேரம் சுமார் இரண்டரை மணி. அட்டவணையில் இரண்டே முக்கால் மணியோ அதற்கு மேலோ போட்டிருப்பார்கள். தரையில் ஊர்ந்து போவதற்கும், வானத்தில் வரிசையில் காத்திருப்பதற்கும், தாமதமானால் ஈடுகட்டக் கொஞ்சம் கைச்சரக்காகவும் அந்தக் கூடுதல். அரை மணி தாமதமாகக் கிளம்பி, சொன்ன நேரத்துக்கே இறங்கி, ‘பைலட் நல்லா ஓட்டிட்டாரு’ என்று நாம் மெச்சுவது பாதிக்குமேல் இந்தக் கைச்சரக்கைத்தான்.

இதுவரை பார்த்தது: கட்டை எடுப்பது புறப்பாடு, கட்டை போடுவது வருகை, நடுவில் உள்ளது பிளாக் டைம். 15 நிமிடம் வரை தாமதம் என்றே எண்ணுவதில்லை.

காலையில் விட்டது ராத்திரி வரை

ஓசூருக்கும் சேலத்துக்கும் இடையே ஓடும் ஒரு தனியார் பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். காலை முதல் சிங்கிளில் டயர் பஞ்சர், முக்கால் மணி போய்விட்டது. அந்த முக்கால் மணியை அன்று முழுக்கத் துரத்திப் பிடிக்க முடியாது. டீ குடிக்கிற பத்து நிமிடத்தை வெட்டுவார்கள், நிறுத்தத்தில் ஆள் ஏறி முடிப்பதற்குள் விசில் அடிப்பார்கள், கடைசியில் ஒரு டிரிப்பையே கட் செய்துவிட்டு நேராக ஷெட்டுக்குப் போவார்கள். சாயங்காலம் கிருஷ்ணகிரியில் காத்திருந்தவருக்குக் காலையில் நடந்த பஞ்சரைப் பற்றி ஒன்றும் தெரியாது.

உள்நாட்டில் ஓடும் ஒரு ஜெட் விமானம் ஒரே நாளில் ஐந்தாறு ஊர்களுக்குக்கூடப் போய்வரும். ஒவ்வோர் ஊரிலும் ஆளை இறக்கி, சுத்தம் செய்து, எண்ணெய் ஊற்றி, அடுத்த ஆட்களை ஏற்ற அதற்குக் கிடைப்பது ஏறக்குறைய அரை மணி நேரம். காலையில் கவுஹாத்தியில் விட்ட ஒரு மணி நேரம் ராத்திரி பெங்களூரில் உங்கள் தலையில் விழும். இப்படி முந்தைய பயணத்திலிருந்து தொற்றிக்கொண்டு வருவதைத் தொடர் தாமதம் என்று வைத்துக்கொள்வோம். டிஜிசிஏ தாமதங்களுக்குக் காரணவாரியாகக் கணக்கு போடும்போது, மழையையும் பனியையும் இயந்திரக் கோளாறையும் தாண்டி வழக்கமாக முதலிடத்தில் நிற்பது இதுதான்.

பஸ்ஸுக்கு நிலையத்திலிருந்து எடுக்க ஒரு நேரம் உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த நேரத்துக்காரர் சண்டைக்கு வருவார். ஓடுபாதையைப் பயன்படுத்தவும் அப்படி ஒதுக்கிய நேரம் இருக்கிறது, ஸ்லாட் என்பார்கள். அது போய்விட்டால் 10 நிமிடத் தாமதம் ஒரு மணி நேரமாவது சாதாரணம். விமானிகளின் பணி நேரத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அது முடிந்துவிட்டால் விமானம் தயாராக இருந்தாலும் அந்த விமானி ஓட்டக் கூடாது, வேறு ஆள் வர வேண்டும். விமானிகளின் ஓய்வு நேரத்தைக் கூட்டிய புது விதிக்கு ஏற்ப ஆள் திட்டமிடாததால், 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான விமானங்களை ரத்து செய்தது.

நம் பக்கத்துக்கு வருவோம். தருமபுரிக்காரருக்கு ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையம் ஒரு மணி நேரப் பயணம்தான். சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் 2023 அக்டோபரில் அங்கே மறுபடி விமானம் வரத் தொடங்கியபோது நானும் சந்தோஷப்பட்டேன். வருபவை எழுபது சொச்சம் பேர் உட்காரும் சிறிய ஏடிஆர் விமானங்கள். பெரிய நிலையத்தில் ஒரு விமானம் மக்கர் செய்தால் மாற்று விமானம் ஒன்றைத் தேடவாவது வழி உண்டு. சேலத்தில் மாற்று எதுவும் நிறுத்தி வைத்திருக்க மாட்டார்கள். அந்த ஒரு விமானம் முந்தைய ஊரில் மாட்டிக்கொண்டால் நீங்கள் காமலாபுரத்தில் காத்திருக்க வேண்டியதுதான்.

நாளின் முதல் விமானத்துக்குத் தொடர் தாமதம் குறைவு. ஆகவே விடிகாலை விமானம் பிடியுங்கள் என்று எல்லாரும் யோசனை சொல்வார்கள். பெங்களூருக்காரருக்கு அது சரி. காலை 6 மணி விமானத்துக்கு நாம் இங்கே நடுராத்திரிக்கே கிளம்ப வேண்டும். அத்தோடு பெங்களூரு விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளியில் குளிர்காலத்தில் விடிகாலைப் பனி வேறு இறங்கும். அந்த யோசனையைப் பாதியாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாக, உங்கள் விமானம் தாமதமாக உங்கள் ஊரில் எதுவும் நடந்திருக்க வேண்டியதில்லை. அன்று காலை அதே விமானம் எங்கே இருந்தது என்பதே முக்கியம்.

அந்த எண்கள் உட்கார வேண்டிய இடம்

இதற்கான விதியை டிஜிசிஏ 2010-இல் கொண்டுவந்தது. பிறகு சிலமுறை திருத்தியிருக்கிறது. அது மூன்று சங்கடங்களைத் தனித்தனியாகப் பார்க்கிறது: விமானம் தாமதமாவது, ரத்தாவது, டிக்கெட் இருந்தும் உங்களை ஏற்றாமல் விடுவது.

முதலில் தாமதம். வாட்ஸ்அப்பில் வந்த ‘2 மணி நேரம்’ இங்கேதான் இருக்கிறது, ஆனால் காசுக்கு இல்லை, சாப்பாட்டுக்கு. பிளாக் டைம் இரண்டரை மணி வரை உள்ள விமானம் 2 மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமானால், காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ப உணவும் சிற்றுண்டியும் தர வேண்டும். பிளாக் டைம் இரண்டரையிலிருந்து 5 மணி வரை என்றால் 3 மணி நேரத் தாமதத்துக்குப் பிறகு. சேலம்–சென்னைக்கு 2 மணி நேரக் கணக்கு, பெங்களூரு–டெல்லிக்கு 3 மணி நேரக் கணக்கு. டெல்லி விமானத்துக்கு இரண்டரை மணி நேரம் காத்திருந்துவிட்டு இட்லி கேட்டுச் சண்டை போட்டால் விதி உங்கள் பக்கம் இருக்காது.

தாமதம் 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் கதை மாறும். புது நேரத்தை 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். 6 மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானமா, முழு டிக்கெட் பணமா என்று பயணியைக் கேட்க வேண்டும். தாமதம் 24 மணி நேரத்தைத் தாண்டினால் தங்கும் அறையும் போக்குவரத்தும் கம்பெனி செலவு. இரவு 8 மணியிலிருந்து விடிகாலை 3 மணிக்குள் கிளம்ப வேண்டிய விமானம் என்றால் 6 மணி நேரத்தைத் தாண்டினாலே அறை தர வேண்டும். ராத்திரியில் நாற்காலியில் படுத்துக் கிடப்பவர்கள் கேட்கத் தவறுவது இதைத்தான்.

இதில் எங்கேயும் அபராதம் மாதிரி ஒரு தொகை இல்லை என்பதைக் கவனியுங்கள். வெறும் தாமதத்துக்கு இந்திய விதி சோறு போடும், படுக்க இடம் தரும், கொடுத்த பணத்தைத் திருப்பித் தரும். அதற்கு மேல் கையில் காசு வைக்காது. ரயில் 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், ஏறாமல் விட்டவர் டிக்கெட் பணத்தைத் திரும்பக் கேட்கலாம் என்பதும் இதே வகைதான்.

அடுத்தது ரத்து. 10,000 ரூபாய் இங்கே இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன்பே, அல்லது குறைந்தபட்சம் 24 மணி நேரத்துக்கு முன்னால் சொல்லிவிட்டால், மாற்று விமானம் அல்லது முழுப் பணம், உங்களுக்கு எது ஒத்துவருகிறதோ அது. அதற்குள்ளும் சொல்லாமல் ரத்து செய்தால், உங்களுக்கு ஒத்துவருகிற மாற்று விமானம் தர வேண்டும். இல்லையென்றால் டிக்கெட் பணம் முழுதும், அதற்கு மேல் இழப்பீடும். பிளாக் டைம் ஒரு மணி வரை என்றால் 5,000 ரூபாய், 2 மணி வரை 7,500, அதற்கு மேல் 10,000.

ஆனால் அந்த எண்களுக்குப் பக்கத்தில் ஒரு வால் இருக்கிறது, அதை வாட்ஸ்அப்காரர்கள் வெட்டிவிடுகிறார்கள். இந்தத் தொகை, அல்லது ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகை, இரண்டில் எது குறைவோ அது. அடிப்படைக் கட்டணம் என்பது டிக்கெட் விலையில் வரி, விமான நிலையக் கட்டணங்கள், எரிபொருள் கட்டணம் எல்லாம் போக மீதி. டெல்லி டிக்கெட்டில் அந்த இரண்டும் சேர்ந்து 4,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இழப்பீடு 4,200 தான், 10,000 இல்லை.

20,000 ரூபாய் மூன்றாவது சங்கடத்துக்கு. கல்யாணத்துக்கு 500 பத்திரிகை வைத்துவிட்டு 400 இலைக்குச் சமைப்பது நமக்குப் புதிதா? எல்லாரும் வரமாட்டார்கள் என்ற கணக்குதான். விமானக் கம்பெனியும் சில சமயம் சீட்டைவிடக் கூடுதலாக டிக்கெட் விற்கும். எல்லாரும் வந்துவிட்டால் பந்தியில் இடம் இருக்காது. அப்போது முதலில், தானாக விட்டுக்கொடுக்க யார் தயார் என்று கேட்க வேண்டும். யாரும் இல்லாமல் உங்களைக் கட்டாயமாக நிறுத்தினால், ஒரு மணி நேரத்துக்குள் கிளம்பும் வேறு விமானத்தில் ஏற்றிவிட்டால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்துக்குள் ஏற்றினால் அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்ததைப் போல இரண்டு மடங்கு, உச்சம் 10,000. அதையும் தாண்டினால் நான்கு மடங்கு, உச்சம் 20,000. மாற்று விமானமே வேண்டாம் என்றால் டிக்கெட் பணத்தோடு அந்த நான்கு மடங்கு.

600 யூரோ ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. அங்கே 3 மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலே தூரத்தைப் பொறுத்து 250-இலிருந்து 600 யூரோ வரை உண்டு. நம் உள்நாட்டு விமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரித்துப் பார்த்தால்: தாமதத்துக்குக் கவனிப்பு, சொல்லாமல் செய்த ரத்துக்கு 10,000 வரை, ஏற்றாமல் விட்டதற்கு 20,000 வரை.

பனி, புயல், ‘ஆபரேஷனல் ரீசன்’

வெள்ளம், கலவரம், வேலைநிறுத்தம், அரசு உத்தரவு, மோசமான வானிலை, வான்வழிக் கட்டுப்பாட்டு நெரிசல், பாதுகாப்பு அச்சுறுத்தல் போன்று கம்பெனியின் கையை மீறிய காரணம் என்றால் இழப்பீடு கிடையாது. டெல்லி ஜனவரிப் பனிக்காக யாரும் காசு தரமாட்டார்கள். தர வேண்டும் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் இழப்பீடு இல்லை என்பதற்கும் டிக்கெட் பணம் இல்லை என்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. பனிக்காக விமானத்தையே ரத்து செய்தாலும் நீங்கள் கொடுத்த பணம் உங்களுடையது.

கவுன்டரில் காரணம் கேட்டால் ‘ஆபரேஷனல் ரீசன் சார்’ என்பார்கள். அது காரணமே இல்லை, காரணத்தின் மேல் போர்த்திய துண்டு. வானிலையா, இயந்திரமா, ஆள் இல்லையா என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்க முயலுங்கள். பின்னால் வாதாட அது ஒன்றுதான் பிடிமானம்.

நம் ஊர் ரோடு யார் கணக்கில்?

தருமபுரியிலிருந்து தேவனஹள்ளி விமான நிலையம் சுமார் 170 கிலோமீட்டர். கிருஷ்ணகிரியிலிருந்து 125-ஐத் தொடும். டோல்கேட், அத்திப்பள்ளி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஒவ்வொன்றும் அரை மணி நேரத்தைத் தின்னக்கூடிய இடங்கள். ஓசூரில் விமான நிலையம் வந்தால் இந்தப் பாடு தீரும். ஆனால் பெங்களூரு விமான நிலையத்துக்குக் கொடுத்த ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் புதிதாக விமான நிலையம் வருவதற்கு 2033 வரை தடை இருக்கிறது.

விதியின் கடிகாரம் செக்-இன் கவுன்டரில்தான் ஓட ஆரம்பிக்கிறது. உள்நாட்டு விமானங்களுக்குக் கவுன்டர் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். உங்கள் டிக்கெட்டில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். சில்க் போர்டில் சிக்கி அதைத் தவறவிட்டால் நீங்கள் வராதவர், அவ்வளவுதான். அப்போதும் அரசு வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திரும்பக் கேட்கலாம். ‘நான்-ரிஃபண்டபிள்’ என்று எழுதிய டிக்கெட்டுக்கும் இது உண்டு. கேட்கிறவர்கள்தான் குறைவு.

இதன் மறுபக்கம் இன்னும் முக்கியம். சூளகிரி தாண்டும்போது ‘உங்கள் விமானம் 3 மணி நேரம் தாமதம்’ என்று குறுஞ்செய்தி வருகிறது. சரி, ஓசூரில் மாமா வீட்டில் சாப்பிட்டுவிட்டு மெதுவாகப் போவோம் என்று தோன்றும். போகாதீர்கள். சாப்பாடும் அறையும் நேரத்துக்குச் செக்-இன் செய்தவருக்குத்தான். நடுவில் விமானம் சீக்கிரம் தயாராகி நேரத்தை முன்னால் இழுத்துவிட்டாலும் ஆச்சரியமில்லை.

இரண்டு விமானம் மாறிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் ஒரே டிக்கெட்டில், ஒரே பி.என்.ஆர். எண்ணில் இருந்தால், முதல் விமானம் ரத்தாகி இரண்டாவது தவறுவது கம்பெனியின் பொறுப்பு. சேலம்–பெங்களூரு தனி, பெங்களூரு–டெல்லி தனி என்று 300 ரூபாய் மிச்சம் பிடித்து வாங்கியிருந்தால், இரண்டாவது கம்பெனிக்கு உங்கள் முதல் விமானத்தைப் பற்றிக் கவலை இல்லை. தருமபுரி டவுன் பஸ் லேட் என்று சென்னை எக்ஸ்பிரஸ் காத்திருக்குமா?

கேட்பது எப்படி

அறிவிப்புப் பலகையை நேரம் தெரியும்படி படம் எடுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள், போர்டிங் பாஸைக் கசக்கி எறியாதீர்கள், வெளியே சாப்பிட்டால் பில் வையுங்கள். முதலில் கவுன்டர், பிறகு கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சல், அடுத்து மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஏர்சேவா தளம். அதிலும் நகரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 1915 என்ற தேசிய உதவி எண்ணிலும் வழி கேட்கலாம்.

இவ்வளவுக்கும் முன்னால், டிக்கெட் எடுக்கும்போதே ஒன்றைச் சரிபார்க்க வேண்டும். நம் ஊரில் பாதிப் பேர் டிராவல்ஸ் கடையில்தான் எடுக்கிறோம். கடைக்காரர் வேகத்தில் தன் செல் நம்பரையே அடித்துவிடுவார். தொடர்பு எண்ணைச் சரியாகத் தராத பயணிக்கு இழப்பீடு இல்லை என்று விதியிலேயே இருக்கிறது.

என் மாமா போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி 9 மணி விமானத்துக்காக மத்தியானமே காரிமங்கலத்திலிருந்து கிளம்பிப் போனார். கவுன்டரில் விமானம் ரத்து என்றார்கள். சொல்லவே இல்லையே என்று சத்தம் போட்டார்.

“நேத்தே மெசேஜ் போட்டுட்டோம் சார்.”

“எந்த நம்பருக்குப்பா?”

அந்தப் பையன் திரையைத் திருப்பிக் காட்டினான். சனிக்கிழமை காலை 11 மணிக்கே போயிருக்கிறது, டிராவல்ஸ் கடைக்காரர் நம்பருக்கு. அவர் அன்றைக்குக் குடும்பத்தோடு திருப்பதி மலையில் இருந்தார்.